மடிப்பு கலையாத கோட்டு

அப்பாதுரையைப் பொறுத்தவரை கோட்டு என்றால் அது வக்கீல் கோட்டுதான். கல்யாண ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளைகள் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டும் மெரூன் கோட்டும் அவருடைய இஸ்திரி வண்டிக்கு வரத்தான் செய்யும். தேய்த்தும் கொடுப்பார். ஆனால் அவற்றைக் கோட்டு என்று மதிக்கமாட்டார். "அது போட்டோவுக்குப் போட்றது. இது வேலைக்குப் போட்றது" என்பார். இரண்டும் ஒரே டைலர் தைத்ததாகக்கூட இருக்கும், அதெல்லாம் அவரிடம் செல்லாது.

திருவண்ணாமலையில் கோர்ட்டுக்குப் போகிற சாலையில், ஒரு புங்க மரத்தடியில் அவருடைய வண்டி நிற்கும். முன்பெல்லாம் கரிப் பெட்டி. இப்போது காஸ் பெட்டி. பெட்டி மாறினாலும் கை மாறவில்லை. கறுப்புக் கோட்டின் கையை மேசையில் விரித்து, ஈரத்துணி போட்டு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பில் அவர் வைக்கும் மடிப்பு, சட்டைக் கையின் மடிப்பைப் போலவே நெட்டுக்கு நிற்கும்.

இதில் பக்கத்துக் கடை டைலர் மணிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். "கோட்டு கை உருண்டையா இருக்கணும்யா. அதுக்குத்தான நாங்க உள்ள கேன்வாஸு வெச்சி மாரடிக்கறோம். நீ அத அப்பளம் மாதிரி நசுக்கி மடிப்பு வெக்கிற" என்று மணி கத்துவார். "உள்ள இருக்கற சட்டைக்கு மடிப்பு இருக்குது. மேல இருக்கற கோட்டு மட்டும் மொட்டையா இருக்கணுமா?" என்று அப்பாதுரை திருப்பிக் கேட்பார். மணி சொன்னதுதான் சரி. தையல் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஊர் வக்கீல்களுக்கு மடிப்புதான் பிடித்திருந்தது. கோர்ட்டு வராந்தாவில் நாலு பேர் நின்றால், யாருடைய கோட்டு அப்பாதுரை தேய்த்தது என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தேய்க்க வந்த கோட்டைக் கையில் எடுத்தால் முதலில் முழங்கையைத்தான் பார்ப்பார். எழுதுகிறவன் கோட்டு முழங்கைக்கு உள்பக்கம் வலை மாதிரி கசங்கியிருக்கும். நின்று வாதாடுகிறவன் கோட்டு அக்குளில் கசங்கும். மேசைமேல் சாய்ந்து தூங்குகிறவன் கோட்டு முழங்கைக்கு வெளிப்பக்கம் மினுங்கும். வக்கீல்கள் வந்து வாங்கும்போது, "சார், போன வாரம் நிக்கற வேல ஜாஸ்தி போல" என்பார். அவர்கள் ஆச்சரியப்பட்டால் இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம்தான் அவருக்குச் சொந்த ஊர். அங்கே ஊர்த்துணி வெளுப்பது அவர்கள் வீட்டு வேலை. சின்ன வயதில் அப்பாவின் பின்னால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறார். வாசலில் நின்று குரல் கொடுத்தால் துணி வந்து விழும், கையில் கொடுக்கமாட்டார்கள். ஒரு நாள் அப்படித் துணி வந்து விழுந்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தவன் அவருடைய வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன். மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. போகாமலே விட்டுப்போயிற்று.

கல்யாணம் ஆனதும் உண்ணாமலையை அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார். வண்டி போட்ட அன்றைக்கு அவளிடம் ஒன்று சொன்னார். "இங்க அவங்கதான் துணியத் தூக்கிக்கினு நம்ம கிட்ட வரணும். நாம யாரு வாசலுக்கும் போறதில்ல. நமக்கு ஒண்ணு பொறந்தா அது மூட்டையே தூக்கக் கூடாது." உண்ணாமலை தலையை ஆட்டினாள். அவளும் மூட்டை தூக்கியவள்தானே.

பிறந்தது அறிவுமதி. நன்றாகப் படித்தான். அப்பாவின் வண்டிக்கு வந்துபோகும் கறுப்புக் கோட்டுகளைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, சட்டம் படிக்கிறேன் என்றான். அப்பாதுரைக்குத் தலைகால் புரியவில்லை. பையனுக்குக் கோட்டு தைத்தது டைலர் மணிதான். அளவெடுக்கும்போதே மணி, "இதுலயாவது மடிப்பு வெக்காதய்யா" என்று கெஞ்சினார். அப்பாதுரை சிரித்துக்கொண்டே கோட்டை வாங்கி வந்து, ஊரில் வேறு எந்தக் கோட்டுக்கும் வைக்காத மடிப்பை அதற்கு வைத்தார்.

வக்கீல் அர்ஜுனனிடம் அறிவுமதி ஜூனியராகச் சேர்ந்தான். சேர்ந்த அன்று அப்பாவும் மகனுமாகத் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, ஒரு மாலை எல்லாம் எடுத்துக்கொண்டு அவருடைய ஆபீசுக்குப் போனார்கள். அர்ஜுனன் நல்ல மாதிரி. "உக்காருங்க" என்றார். அப்பாதுரை உட்காரவில்லை. அவருக்கு வாயெல்லாம் பல். இத்தனை பெரிய உதவிக்கு என்ன கைம்மாறு செய்வது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மாலையும் பழமும் போதாது என்று தோன்றியது. அப்போதுதான் அவர் வாயிலிருந்து அது வந்தது.

"சார், இனிமே உங்க துணி எதையும் வெளிய குடுக்காதீங்க. கோட்டு, கவுனு, வீட்டுத் துணி, எதுவா இருந்தாலும் சரி. எம்பையன் கையில குடுத்தனுப்பிடுங்க. நான் பாத்துக்கறேன். காசு கீசுன்னு பேசக் கூடாது."

"அதெல்லாம் எதுக்குங்க" என்றார் அர்ஜுனன். "இல்ல சார், நீங்க குடுக்கணும். இல்லன்னா எம்மனசு ஆறாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அப்பாதுரை. பக்கத்தில் மகன் நின்றுகொண்டிருந்தான். அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் அவர் பார்க்கவேயில்லை.

அர்ஜுனன் முதலில் ஒரு கோட்டையும் கவுனையும்தான் கொடுத்தார். பிறகு வீட்டுச் சட்டைகள் வந்தன. பிறகு பெட்ஷீட், ஜன்னல் திரை. அதே ஆபீசில் இருந்த மற்ற ஜூனியர்கள், நம்முடையதும் போகட்டுமே என்று ஆளுக்கு இரண்டு உருப்படி சேர்த்தார்கள். குமாஸ்தாவும் சேர்த்தார். கொடுத்தவர் யாரும் கெட்டவர் இல்லை. அவனாகவே கேட்டு வாங்குகிறான், அவன் அப்பாவே சொன்னது, இதில் என்ன தப்பு? சாயங்காலம் அறிவுமதி பைக்கின் டேங்க்மேல் பெரிய நீலப் பையை வைத்துக்கொண்டு வண்டிக்கு வருவான். காலையில் தேய்த்த துணியை அடுக்கி எடுத்துக்கொண்டு போவான்.

"வாங்க வக்கீல் சார்! இன்னைக்கி எத்தினி கேஸு?" என்று அப்பாதுரை பையைத் தூக்கிப் பார்த்துக் கேலி பண்ணுவார். முதலில் அவன் சிரித்தான். அப்புறம் லேசாகச் சிரித்தான். அப்புறம் பையை வைத்துவிட்டுப் பேசாமல் போனான். வேலை ஜாஸ்தி, அலுப்பாக இருக்கும் என்று அப்பாதுரை நினைத்துக்கொண்டார்.

திடீரென்று ஒரு வாரம் பை வரவில்லை. "சீனியரு வேற எடத்துல குடுக்கறாராம்பா" என்றான். அப்பாதுரைக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. தேய்த்ததில் குறையோ என்று கவலைப்பட்டார். அதோடு விட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் கோட்டு பேச ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகனின் கோட்டை வீட்டில் வைத்துத் தேய்ப்பது அவர் வழக்கம். உண்ணாமலை கோட்டை எடுத்து வந்து மேசையில் போடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கையைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார். போன வாரம் அவர் வைத்த மடிப்பு வைத்தபடியே இருந்தது. முழங்கையில் ஒரு சுருக்கம் இல்லை. கோட்டு லீவில் இருந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. நடுவில் மட்டும் குறுக்காக ஒரு மடிப்பு. இரண்டாக மடித்து பைக் பெட்டிக்குள் போட்டு மூடினால் விழுகிற மடிப்பு அது. காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு போகிறவன், தெருமுனை தாண்டியதும் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறான்.

அப்பா முழங்கையைப் பார்ப்பவர் என்று அறிவுமதிக்குத் தெரியாமலா இருக்கும்? சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன். ஒருவேளை தன் வாயால் சொல்ல முடியாததைக் கோட்டே சொல்லட்டும் என்று விட்டுவிட்டானோ என்னவோ.

அப்பாதுரை ஒரு நாள் மத்தியானம் வண்டியை மணியின் பார்வையில் விட்டுவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் போய் நின்றார். அர்ஜுனனின் குமாஸ்தா சகாதேவன் டீ குடிக்க வருவார் என்று தெரியும். வந்தார். இவரைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்.

"எம்பையன் ஆபீசுல இருக்கானாங்க?" என்று கேட்டார் அப்பாதுரை.

சகாதேவன் டீயை ஊதினார். "உனக்குத் தெரியாதா? அவன் வந்து எவ்ளோ நாளாச்சு."

"ஏதாவது சண்டைங்களா?"

"சண்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. நல்ல புள்ளய்யா அவன். ஒரு நாளு வாய்தா கேக்கறதுக்குப் போய் நின்னான். அங்க ரெண்டு மூணு பசங்க, தமாசுக்குதான், 'மூட்ட வக்கீலு வந்துட்டாருடா, கோட்டக் கழட்டிக் குடுங்க'ன்னானுங்க. கோட்டு கையில வேற யாருக்கும் இல்லாத மடிப்பு, அதப் பாத்தாலே தெரியுதே யாரு வூட்டுப் புள்ளன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க சாரும் சிரிச்சிட்டாரு. அவருக்கு அப்பறம் ரொம்ப வருத்தம், ஆள் விட்டுக் கூப்ட்டாரு. இவன் வரல." சகாதேவன் கிளாசைக் கீழே வைத்தார். "நானும் ரெண்டு சட்ட குடுத்தவன்தான். என்னத்த சொல்ல. இப்ப செங்கம் ரோட்ல, ஆசிரமத்தத் தாண்டி ஒரு லாட்ஜுல வேலைக்கு இருக்கான்னு கேள்வி."

அப்பாதுரைக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வேறு யாராவது செய்திருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்கலாம். இதை யாரிடம் போய்க் கேட்பது? மூட்டையே தூக்கக் கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளை. அவன் கறுப்புக் கோட்டு போட்ட முதல் நாளே, கும்பிட்ட கையோடு, ஊர் மூட்டையை அவன் தலையில் தூக்கி வைத்தது அவர்தான். போதாக்குறைக்கு எத்தனை கேஸு என்று கேலி வேறு.

ஆட்டோ பிடித்து ஆசிரமத்துப் பக்கம் போனார். லாட்ஜைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, வாசலில் மகனின் பைக் நின்றது, பின்னால் பெட்டி பூட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார். அறிவுமதி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு மலையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தான். அவன் முகம் தெளிவாக இருந்தது. வீட்டில் எத்தனையோ நாளாக அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அதுதான் அவரை அதிகம் அடித்தது. கூப்பிடாமல் திரும்பிவிட்டார்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. உண்ணாமலைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள் என்று நினைத்தார். வக்கீல் அம்மா என்று தெருவில் பேர் வாங்கியவள். இவர் மென்று விழுங்கினார். சோறுதான் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோட்டைக் கையில் எடுத்து முழங்கையைப் பார்ப்பார். மடிப்பு கலையாமல் இருக்கும். கலையாத மடிப்பின்மேலேயே பெட்டியை ஓட்டிவிட்டு ஆணியில் மாட்டுவார். உண்ணாமலை அடுப்பங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஒடம்புக்கு இன்னா? தட்டுல வெச்சது வெச்ச மாதிரியே கீது" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வெயில்தான். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம் போய், ரோடெல்லாம் செருப்பும் பாட்டிலுமாகக் கிடந்த வாரம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை உண்ணாமலை கோட்டைக் கொண்டுவந்து போட்டாள். அப்பாதுரை வழக்கம் போலக் கையைப் புரட்டினார்.

மடிப்பு கலைந்திருந்தது. முழங்கையின் உள்பக்கம் வலை வலையாகக் கசங்கியிருந்தது. இரண்டு கையிலும் அப்படித்தான். நாள் பூராவும் போட்டு, கையை மடக்கி எழுதிய கசங்கல்.

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போயிருக்கிறான். பையன் திரும்பக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். "இந்த வாரம் கேஸு ஜாஸ்தியாட்டம் இருக்குது?" என்றார் அடுப்பங்கரை பக்கம் பார்த்து. குரல் அவரையும் மீறித் துள்ளியது.

"ஆமா, அப்படித்தான் சொன்னான்" என்றாள் உண்ணாமலை.

பெட்டியைப் பற்றவைத்தார். கோட்டின் கையை நீவி விரித்தார். நீவிய கை பாதியில் நின்றது. மகன் இவரைவிட ஒரு சாண் உயரம். அவன் கோட்டு எங்கே கசங்கும் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். இந்தக் கசங்கல் அங்கே இல்லை. நாலு விரற்கடை மேலே, தோளுக்குப் பக்கமாக ஏறியிருந்தது. மகனைவிட ரொம்பக் கட்டைக் கை ஒன்று உள்ளே நுழைந்து, மடக்கி மடக்கி நீட்டியிருக்கிறது. மணிக்கட்டுப் பக்கம் ஒரு சுருக்கமும் இல்லை. அந்தக் கை அதுவரை எட்டவேயில்லை.

அப்பாதுரை நிமிர்ந்து பார்த்தார். உண்ணாமலை முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே கட்டையான ஆள் அவள்தான். அவளுக்கும் எல்லாம் தெரியும். இவருக்கு முன்பே தெரிந்திருக்கும், பிள்ளைகள் அம்மாவிடம்தானே முதலில் சொல்வார்கள். அன்றைக்குப் பகலில் யாரும் இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, புடவைமேல் மகனின் வக்கீல் கோட்டை மாட்டிக்கொண்டு, புருஷன் இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிடட்டும் என்று கையை மடக்கி மடக்கிக் கசக்கியிருக்கிறாள்.

"ஆமா உண்ணாமல. நல்லாத்தான் கசங்கியிருக்கு" என்றார்.

அவள் திரும்பவில்லை. வெங்காயம் உரிக்கிற சாக்கில் மூக்கை உறிஞ்சினாள்.

அன்றைக்கு அப்பாதுரை ஒரு காரியம் செய்தார். ஒரு துண்டை உருட்டிக் கோட்டின் கைக்குள் நுழைத்தார். மணி எத்தனையோ முறை சொல்லித்தந்த வழி அது. ஈரத்துணியைச் சுற்றிப் போட்டு, பெட்டியை அழுத்தாமல் ஆவி மட்டும் படும்படி தூக்கித் தூக்கி வைத்தார். கை உருண்டையாக நின்றது. இனி எந்த வராந்தாவில் நின்றாலும் இது யார் வீட்டுக் கோட்டு என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. மகன் ஒரு நாள் மனம் மாறினால், மொட்டைக் கையோடு எல்லாரையும் போலப் போய் நிற்கட்டும். அந்த ஊரில் அவர் மடிப்பு வைக்காமல் தேய்த்த ஒரே கோட்டு அதுதான்.

அறிவுமதி வெளியே போய்விட்டு வந்தான். ஆணியில் கோட்டைப் பார்த்தான். கிட்டே வந்தான்.

"இன்னாப்பா, மடிப்பு வெக்கல?"

"மணி சொல்லிக்கினே இருப்பான் இல்ல, கோட்டுக்கு மடிப்பு கூடாதுன்னு. அவன் சொல்றதுதான் சரியாம்."

அறிவுமதி அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு கோட்டை எடுத்து ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்தான். இத்தனை நாள் பெட்டி ஓடி ஓடி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை கறுப்புத் துணி ஒரு கோடாக வெளுத்து மினுங்கியிருந்தது. மடிப்புதான் போயிருந்தது. அந்தக் கோடு போகவில்லை. அதன்மேல் கட்டைவிரலை ஓட்டினான்.

"நான் அன்னைக்கி சீனியரு கிட்ட வாயத் தொறந்திருக்கக் கூடாதுடா" என்றார் அப்பாதுரை. அடுப்பங்கரையில் சத்தம் நின்றது.

"நீ சந்தோஷத்துலதாம்பா சொன்ன" என்றான். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அப்பாதுரை தாங்கியிருப்பார். கோட்டை அப்பாவின் கையில் கொடுத்தான். "மடிப்ப வெச்சுடுப்பா. வெக்காட்டியும் கோடு தெரியத்தான் செய்யுது."

அப்பாதுரை துண்டை உருவினார். கையை மேசையில் பரப்பி, அந்தப் பழைய கோடு விழுந்த இடத்திலேயே விளிம்பைப் பிடித்து, ஒரே இழுப்பில் மடிப்பு வைத்தார்.

மறுநாள் காலையில் அறிவுமதி கட்டம் போட்ட சட்டையில் கிளம்பினான். கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உண்ணாமலை தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை அவள் எடுத்து வரவில்லை. அப்பாதுரையே போய் ஆணியிலிருந்து எடுத்தார். மேலே லேசாகத் தூசி படிந்திருந்தது, தட்டினார். முழங்கையைப் பார்த்தார். ஒரு சுருக்கம் இல்லை. பெட்டியைப் பற்றவைத்துச் சூடேறும் வரை பக்கத்தில் நின்றார்.